டிஸ்னியின் பட்டறைக்காரர்: அப் ஐவர்க்ஸ்

டிஸ்னி நிறுவனத்தைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. நியூயார்க்கில் தன் முயல் கதாபாத்திரத்தைப் பறிகொடுத்த வால்ட் டிஸ்னி, ஊர் திரும்பும் ரயிலில் ஒரு சுண்டெலியைக் கற்பனை செய்தார், அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது என்பார்கள். கேட்க அழகான கதைதான். ஆனால் அந்த எலியைக் காகிதத்தில் வரைந்து நடக்கவும் குதிக்கவும் விட்டவர் வேறொருவர். அவர் பெயர் அப் ஐவர்க்ஸ். முதல் மிக்கி படங்களின் தலைப்பு அட்டையிலேயே வால்ட் டிஸ்னியின் பெயரோடு இவர் பெயரும் இருக்கும். பிறகு எப்படியோ மக்கள் நினைவிலிருந்து நழுவிவிட்டது.

மிக்கியை வரைந்தவர் என்ற ஒரு வரியோடு இவரை முடித்துவிடுகிறார்கள். இவர் செய்ததில் அது பாதிகூட இல்லை. 1940-க்குப் பிறகு இவர் பென்சிலை ஏறக்குறைய கீழே வைத்துவிட்டு லென்ஸ், பிரிசம், பிலிம் ஓடும் இயந்திரம் என்று பட்டறைப் பக்கம் போய்விட்டார். டிஸ்னி படங்களில் நாம் வியந்து பார்க்கும் பல காட்சிகள் அந்தப் பட்டறையில் உருவானவை. வால்டின் கதை அறிவும், எந்த இடத்தில் சிரிப்பு வரும் என்று கணிக்கும் திறமையும் உண்மையானவை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்த நிறுவனத்தின் வேலை எங்கெல்லாம் முட்டி நின்றதோ, அங்கெல்லாம் தடையை எடுத்துவிட்டவர் பெரும்பாலும் அப்.

இரண்டு பையன்கள், ஒரு முயல்

இருவரும் 1901-ல் பிறந்தவர்கள். 1919-ல் கான்சஸ் சிட்டியில் ஒரு விளம்பர ஓவிய நிறுவனத்தில் பழக்கமானார்கள். வேலை போனதும் 1920 தொடக்கத்தில் சொந்தமாகக் கடை போட்டார்கள். அதற்கு 'ஐவர்க்ஸ்-டிஸ்னி' என்று பெயர். டிஸ்னியை முன்னால் போட்டால் ஆங்கிலத்தில் அது மூக்குக்கண்ணாடிக் கடை மாதிரி ஒலிக்கிறது என்பதால் அப்பின் பெயர் முதலில் வந்தது. அந்தக் கடை ஒரு மாதம் தாக்குப்பிடித்திருந்தால் பெரிது. பிறகு இருவரும் தியேட்டர்களுக்கு விளம்பரப் படம் எடுக்கும் கம்பெனியில் சேர்ந்தார்கள். கை, கால், தலை என்று காகிதத்தை வெட்டி, மூட்டில் ஆணி அடித்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம் பிடிப்பதுதான் அங்கே அனிமேஷன். அதன் பிறகு வால்ட் தொடங்கிய லாஃப்-ஓ-கிராம் 1923-ல் திவாலானது. வால்ட் ஹாலிவுட்டுக்குப் போனார். அடுத்த வருடம் அப்பையும் அங்கே வரவழைத்துக்கொண்டார்.

1927-ல் ஆஸ்வால்ட் என்ற முயல் பிறந்தது. யுனிவர்சல் வெளியிட்டது, படங்கள் நன்றாக ஓடின. 1928 தொடக்கத்தில் வால்ட் நியூயார்க் போய் விநியோகஸ்தர் சார்லஸ் மின்ட்ஸிடம் கூடுதல் பணம் கேட்டார். மின்ட்ஸ் இருப்பதைக் குறைத்துத் தருவதாகச் சொன்னார். முயலின் உரிமை ஒப்பந்தப்படி டிஸ்னியிடம் இல்லை. அதைவிட மோசம், வால்டின் ஓவியர்களில் பெரும்பாலோரை மின்ட்ஸ் ஏற்கெனவே பேசி எடுத்து வைத்திருந்தார். அவர்களோடு போக மறுத்தவர் அப்.

அந்த முயல் 2006-ல்தான் டிஸ்னிக்குத் திரும்பியது. டிஸ்னியின் கையில் இருந்த ஏபிசி, இஎஸ்பிஎன் தொலைக்காட்சிகளில் வேலை பார்த்த அல் மைக்கேல்ஸ் என்ற விளையாட்டு வர்ணனையாளர் என்பிசிக்குப் போக விரும்பினார். என்பிசியும் முயலின் உரிமையை வைத்திருந்த யுனிவர்சலும் அப்போது ஒரே நிறுவனம். அவரை விடுவிக்க டிஸ்னி கேட்ட விலைகளில் ஒன்று ஆஸ்வால்ட். ஒரு வர்ணனையாளரைக் கொடுத்து, 78 வருடம் முன்பு தொலைத்த முயலை வாங்கினார்கள்.

பூட்டிய அறை

மின்ட்ஸிடம் போகப்போகிறவர்கள் உடனே கிளம்பவில்லை. பாக்கி இருந்த முயல் படங்களை முடித்துக் கொடுக்கும் வரை அதே ஸ்டுடியோவில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அதனால் புதிய எலியை ரகசியமாக வரைய வேண்டியிருந்தது. அப் கதவை மூடிக்கொண்டு 'பிளேன் கிரேஸி' என்ற முதல் மிக்கி படத்தை இரண்டு வாரத்தில் தனியாக வரைந்து முடித்தார். ஒரு நாளைக்கு 700 படம் வரை வரைந்தார் என்பது அந்த ஸ்டுடியோவில் வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு.

700 என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். பத்து மணி நேரம் உட்கார்ந்தால் மணிக்கு 70 படம், ஒரு படத்துக்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது. மிக்கியின் உருவம் இந்த வேகத்துக்கு ஏற்றபடி அமைந்திருந்தது. தலை ஒரு வட்டம், காது இரண்டு வட்டம், உடல் பேரிக்காய் வடிவம், கை கால்கள் எலும்பே இல்லாத குழாய்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் காது வட்டமாகவே இருக்கும், பக்கவாட்டில் எப்படித் தெரியும் என்று யோசிக்கவே வேண்டாம். இந்த வடிவத்தை அழகுக்காக மட்டும் தேர்ந்தெடுத்ததாக நான் நினைக்கவில்லை. கை நிற்காமல் ஓடுவதற்கான வழி அது.

அந்தப் படத்தில் விமானம் தரையில் தாறுமாறாகப் பாய்கிற காட்சி ஒன்று உண்டு. சாலை நம் முகத்தின் மீதே வருவது போல இருக்கும். அவர்களிடம் இருந்த கேமராவோ ஒரே இடத்தில் பொருத்தப்பட்டது, முன்னே பின்னே நகராது. ஆகவே பின்னணி ஓவியத்துக்கு அடியில் புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்கி, படத்தையே கேமராவை நோக்கி உயர்த்தினார்கள். அப்பின் பிற்கால வேலை முழுவதற்கும் இது முன்மாதிரி என்பேன். கேமராவால் முடியவில்லையா, அதன் முன்னால் இருப்பதை மாற்று.

தாள்களைச் செல்லுலாய்டில் நகலெடுத்து வண்ணம் பூசும் வேலை வால்டின் வீட்டுக் காரேஜில் நடந்தது. வால்டின் மனைவி லில்லியன், வால்டின் அண்ணன் ராயின் மனைவி எட்னா, லில்லியனின் சகோதரி ஹேசல் மூவரும் அதைச் செய்தார்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகு, இரவில் ஸ்டுடியோவில் படப்பிடிப்பு. 1928 மே மாதம் பேசாப் படமாகப் போட்டுக் காட்டியபோது வாங்க ஆளில்லை.

ஒலிக்குப் போட்ட கணக்கு

மூன்றாவது படமான 'ஸ்டீம்போட் வில்லி'யில் ஒலி சேர்த்தார்கள். ஒலி சேர்த்த கார்ட்டூன் அதற்கு முன்பும் உண்டு. ஆனால் திரையில் நடப்பதும் காதில் விழுவதும் இவ்வளவு பிசகாமல் பொருந்தியது இதில்தான். பிலிம் ஒரு வினாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படம் ஓடும். தாளத்தின் ஒரு அடிக்கு 12 பிரேம் ஒதுக்கினால் வினாடிக்கு இரண்டு அடி, நிமிடத்துக்கு 120. பத்து பிரேம் என்றால் 144. படம் வரைவதற்கு முன்பே பாட்டின் வேகத்தை இப்படிப் பிரேமாக மாற்றி, எந்த அடியில் மிக்கி காலை ஊன்ற வேண்டும், எந்த அடியில் விசிலை இழுக்க வேண்டும் என்று தாளில் குறித்துவிடலாம். இந்த யோசனைக்கு வழி சொன்னவர் வில்பிரட் ஜாக்சன் என்ற இளம் உதவியாளர். அவருடைய அம்மா இசை ஆசிரியை. தாளத்தை எண்ணிக் காட்டும் மெட்ரோனோம் கருவி எப்படி வேலை செய்யும் என்று அவருக்கு வீட்டிலேயே தெரிந்திருந்தது.

படம் பாதி முடிந்ததும் சோதனை. புரொஜக்டரின் சத்தம் உள்ளே வராதபடி ராய் டிஸ்னி வெளியே நின்று ஜன்னல் வழியாகப் படத்தை ஓட்டினார். திரைக்குப் பின்னால் ஜாக்சன் மவுத் ஆர்கன் வாசிக்க, அப் உள்ளிட்டவர்கள் பாத்திரம் பண்டங்களைத் தட்டினார்கள். பார்வையாளர்கள் வீட்டுப் பெண்கள். அன்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தபோது கிடைத்த பரவசத்தைப் போல வாழ்க்கையில் வேறெதுவும் தனக்குக் கிடைக்கவில்லை என்று அப் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

நியூயார்க்கில் நடந்த முதல் ஒலிப்பதிவு பாழாய்ப் போனது. வாத்தியக் குழு பெரிது, நடத்துநர் திரையைப் பார்த்து வேகத்தைப் பிடிக்க முடியவில்லை. வால்ட் தன் காரை விற்றுப் பணம் அனுப்பச் சொன்னார். இரண்டாவது முறை வாத்தியக்காரர்களைக் குறைத்து, பிலிமிலேயே தாளத்துக்கு ஏற்பக் குதிக்கும் பந்து ஒன்றைப் பதித்துக் கொடுத்தார்கள். நடத்துநர் பந்தைப் பார்த்துக் கோலை அசைத்தால் போதும். 1928 நவம்பர் 18, நியூயார்க் காலனி தியேட்டர். அதற்குப் பிறகு நடந்தது ஊர் அறிந்தது.

2,920 டாலர்

நண்பர்கள் பிரிந்ததற்குப் பெரிய சண்டை எதுவும் காரணமில்லை. தினமும் நடந்த சின்ன உரசல்தான். அனிமேஷனில் எக்ஸ்போஷர் ஷீட் என்று ஒன்று உண்டு. எந்தப் படத்தை எத்தனை பிரேம் பிடித்து வைக்க வேண்டும், எந்தப் படம் எதன் மேல் வர வேண்டும் என்று கேமராக்காரருக்கு எழுதிக் கொடுக்கும் தாள் அது. நகைச்சுவையின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஒரு அடி விழுவதற்கு முன் எட்டு பிரேம் நிறுத்தினால் சிரிப்பு வரும், பதினாறு நிறுத்தினால் செத்துப்போகும். அப் வரைந்து முடித்து வீட்டுக்குப் போன பிறகு, இரவில் வால்ட் வந்து அந்தத் தாளைத் திருத்தி வைப்பார். காலையில் வந்து பார்க்கும் அப்புக்கு எப்படி இருந்திருக்கும்?

இன்னொன்று, அப் முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை வரிசையாக வரைந்துகொண்டே போகிறவர். முக்கிய நிலைகளை மட்டும் நீ வரை, இடையில் வருபவற்றை உதவியாளர்கள் வரையட்டும் என்றார் வால்ட். பெரிய ஸ்டுடியோ நடத்த வால்ட் சொன்னதுதான் சரியான வழி. ஆனால் நடுப் படங்கள் தானாக வந்து விழும்போது கிடைக்கும் துள்ளல் அதில் போய்விடும் என்பது அப்பின் எண்ணம். 1929-ல் அவர் ஏறக்குறைய தனியாகவே வரைந்த 'ஸ்கெலிட்டன் டான்ஸ்' படத்தைப் பார்த்தால் அவர் பக்க நியாயமும் புரியும்.

1930 ஜனவரியில் விலகினார். நிறுவனத்தில் அவருக்கு இருந்த 20 சதவீதப் பங்கை 2,920 டாலருக்கு விட்டுக்கொடுத்தார். வால்டுக்கு ஒலிப்பதிவுக் கருவி கொடுத்த பாட் பவர்ஸ்தான் திரைமறைவில் அப்புக்குத் தனி ஸ்டுடியோ வைத்துக் கொடுத்தவர். அங்கே 'ஃபிளிப்' என்ற தவளை முதல் பல பாத்திரங்கள் வந்தன, எதுவும் நிலைக்கவில்லை. அப்பின் ஸ்டுடியோவுக்குக் கதை சொல்லும் ஆள் அமையவில்லை என்பதுதான் என் தீர்ப்பு. படங்கள் நன்றாக அசையும், ஆனால் யாருக்கு என்ன வேண்டும் என்பதே தெரியாது.

ஆனால் அந்தக் காலத்தில்தான் அவர் ஒரு பழைய ஷெவர்லே காரின் பாகங்களை வைத்துப் பல அடுக்குக் கேமரா ஒன்றைக் கட்டினார். அதன் தேவையை நிலாவை வைத்து விளக்குவார்கள். ஒரு வீடு, பின்னால் மலை, வானத்தில் நிலா, எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். கேமரா தாளை நெருங்க நெருங்க வீடு பெரிதாகும், சரி. நிலாவும் சேர்ந்து பெரிதாகும். நிஜத்தில் நிலாவை நோக்கி எத்தனை அடி நடந்தாலும் அது அப்படியேதான் இருக்கும். வீடு ஒரு கண்ணாடியில், மலை வேறொன்றில், நிலா அடியில் உள்ள தாளில் என்று பிரித்து, இடைவெளி விட்டு அடுக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனி வேகத்தில் நகர்த்தினால் இந்தக் கோளாறு தீரும். ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் இந்த அடுக்கு முறையை 1920-களிலேயே கையாண்டிருந்தார். டிஸ்னி ஸ்டுடியோ 1937-ல் வில்லியம் கேரிட்டி தலைமையில் தனியாகப் பெரிய இயந்திரமே கட்டியது. அதில் ஏழு அடுக்கு வரை வைக்கலாம்.

இயந்திரம் இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு அடுக்குக்கும் தனி விளக்கு வேண்டும், ஆனால் ஒன்றின் வெளிச்சம் அடுத்த கண்ணாடியில் பிரதிபலிக்கக் கூடாது. விளக்குச் சூட்டில் வண்ணம் இளகும். ஏதோ ஒரு கண்ணாடியில் உட்கார்ந்த தூசி திரையில் பூச்சியாகத் தெரியும். ஒரு பிரேமுக்கு எல்லா அடுக்கையும் கணக்குப் பார்த்து நகர்த்த வேண்டும், அப்புறம் ஒரே ஒரு 'கிளிக்', மறுபடி முதலிலிருந்து. அதனால்தான் பணம் இருந்த படங்களிலும்கூட இந்தக் காட்சிகள் சில நிமிடங்களுக்கு மேல் வருவதில்லை.

ஒன்பது திரை ஏன்?

1936-ல் அப்பின் ஸ்டுடியோ மூடப்பட்டது. 1940-ல் டிஸ்னிக்கே திரும்பினார், இந்த முறை ஓவியராக அல்ல. பழைய நட்பின் நெருக்கம் முழுதாகத் திரும்பவில்லை என்றே அவரை அறிந்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் வால்ட் ஒரு சிக்கலைக் கொண்டுபோய் வைத்தால், அப் பதில் சொல்லாமல் போய், கொஞ்ச நாளில் கருவியோடு வருவார்.

டிஸ்னியின் பொழுதுபோக்குப் பூங்காவான டிஸ்னிலாண்ட் 1955-ல் திறந்தபோது, பார்வையாளர்களைச் சுற்றி 360 பாகையும் திரையாக இருக்கும் அரங்கம் ஒன்று அப்பின் கைவண்ணத்தில் அங்கே இருந்தது. அதில் 11 திரை. 1967-ல் 35 மிமீ பிலிமுக்கு மாற்றியபோது 9 திரை. இரண்டுமே ஒற்றைப்படை எண்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. திரைகள் வட்டமாக நிற்கின்றன, நடுவில் மக்கள் நிற்கிறார்கள். புரொஜக்டரை எங்கே வைப்பது? திரைக்கு நேர் எதிரே, தலைக்கு மேல் உயரத்தில் வைக்க வேண்டும். எட்டோ பத்தோ திரை என்றால் ஒவ்வொரு திரைக்கும் நேர் எதிரே இன்னொரு திரைதான் இருக்கும், அதன் நடுவில் ஓட்டை போட வேண்டியிருக்கும். ஒற்றைப்படையாக இருந்தால் ஒவ்வொரு திரைக்கும் எதிரே இரண்டு திரைகள் சேரும் இடம் வரும். அந்த இணைப்பில் கறுப்பாகச் சின்ன இடைவெளி விட்டு, அதற்குள் புரொஜக்டர் லென்ஸை வைத்துவிடலாம். அந்தக் கறுப்புப் பட்டையே ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள சிறு பொருத்தக் குறையையும் மறைத்துவிடும்.

செல்லும் செராக்ஸும்

அனிமேஷன் படத்தில் ஓவியர் பென்சிலால் வரைந்தது திரைக்கு வராது. காகிதத்தின் மேல் செல் என்ற கண்ணாடி போன்ற தாளை வைத்து, மையால் கோட்டைப் பார்த்து இழுக்க வேண்டும். மை காய்ந்ததும் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் வண்ணம் பூச வேண்டும். பின்பக்கம் ஏன் என்றால், தூரிகை கொஞ்சம் கோட்டின் மேல் ஏறினாலும் முன்னாலிருந்து தெரியாது. வண்ணம் தண்ணியாக இருந்தால் விளக்கில் தூரிகைத் தடம் தெரியும், கெட்டியாக இருந்தால் காய்ந்து வெடித்து உதிரும்.

இதில் வெளியில் அதிகம் தெரியாத ஒரு சிக்கல், செல் தாள் முழுக்க நிறமற்றது அல்ல. ஒரு தாள் மேலே வந்தால் கீழே இருப்பதன் நிறம் ஒரு நூலிழை மங்கும். மூன்று தாள் அடுக்கி எடுத்த காட்சியில் திடீரென்று நான்காவது சேர்ந்தால் எல்லா நிறமும் துள்ளும். அதனால் நாலு அடுக்குக்குத் திட்டமிட்டால் கடைசி வரை நாலு அடுக்கு, ஆள் இல்லாத அடுக்கில் வெறும் தாளையாவது வைக்க வேண்டும். ஒரே சட்டைக்கு அடியடுக்கில் ஒரு நிறக் கலவை, மேலடுக்கில் வேறு கலவை. இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். மையிடும் பிரிவில் இருந்தவர்களின் கை நடுங்காமை ஓவியர்களே பொறாமைப்படும் அளவுக்கு இருந்தது.

1959-ல் வந்த 'ஸ்லீப்பிங் பியூட்டி' சுமார் 6 மில்லியன் டாலர் விழுங்கியது. வசூலில் முதலுக்கே மோசம். ஆட்குறைப்பு வந்தது. அனிமேஷனையே மூடிவிடலாமா என்ற பேச்சும் வந்தது. அப்போது அப் கையில் எடுத்தது, அலுவலகங்களுக்கு அப்போதுதான் வந்துகொண்டிருந்த செராக்ஸ் முறை. அவர் அதைக் காகிதத்துக்குப் பதிலாகச் செல்லுக்குத் திருப்பினார்.

செலினியம் பூசிய தகடு ஒன்றுக்கு நிலைமின்னூட்டம் ஏற்றுவார்கள். ஓவியரின் பென்சில் படத்தைக் கேமரா வழியாக அந்தத் தகட்டின் மேல் விழச் செய்வார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் மின்னூட்டம் வடிந்துவிடும், கோடு இருந்த இடத்தில் மட்டும் மிஞ்சும். கறுப்புப் பொடியைத் தூவினால் அது மிஞ்சிய இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பொடியைச் செல்லுக்கு மாற்றி, கரைப்பான் ஆவியில் காட்டினால் இளகிப் பிடித்துக்கொள்ளும். அலுவலக இயந்திரம் போல இங்கே சூடு காட்ட முடியாது, தாள் நெளிந்துவிடும். தாள் ஒரு மயிரிழை நெளிந்தாலும் திரையில் பாத்திரம் நடுங்கும்.

1961-ல் வந்த 'நூற்றொரு டால்மேஷன்கள்' படத்தை இந்த முறை இல்லாமல் எடுத்திருக்கவே முடியாது. உடம்பெல்லாம் புள்ளி உள்ள நாய்கள், ஒன்றல்ல நூற்றொன்று. அப்பா நாய் போங்கோவுக்கு 72 புள்ளி, அம்மா நாய் பெர்டிட்டாவுக்கு 68, ஒவ்வொரு குட்டிக்கும் 32 என்று ஸ்டுடியோ அந்த நாளில் கணக்குச் சொன்னது. ஒவ்வொரு பிரேமிலும் கையால் மையிட்டால் எத்தனை வருடம் ஆகும்? செராக்ஸில் சில குட்டிகளை மட்டும் வரைந்து, அளவைக் கூட்டிக் குறைத்து, திரும்பத் திரும்ப அச்செடுத்துக் கூட்டமாக்கலாம். வில்லி குரூயெல்லாவின் காரைக்கூடக் கையால் வரையவில்லை. வெள்ளை அட்டையில் சின்ன மாதிரி செய்து, விளிம்புகளில் கறுப்புக் கோடு போட்டு, அதை நகர்த்திப் படம் எடுத்து, அந்தப் படங்களைச் செல்லில் அச்செடுத்தார்கள். அந்தக் கார் பள்ளத்தில் இறங்கித் திரும்பும்போது அதற்கு ஒரு கனம் தெரியும். பென்சிலில் அது சுலபமாக வராது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. பொடி கறுப்பு மட்டும்தான், ஆகவே ரோஜா உதட்டுக்கும் கறுப்புக் கோடுதான். மையிடும் பெண்கள் ஒவ்வொரு பகுதிக்கும் தனி நிறக் கோடு போட்டு வந்த நுணுக்கம் ஒரே படத்தோடு காணாமல் போனது, அவர்களில் பலருக்கு வேலையும் போனது. வால்டுக்குச் சொரசொரப்பான அந்தக் கோடு பிடிக்கவில்லை. ஆனால் ஓவியர்கள் மகிழ்ந்தார்கள், தங்கள் கைக்கோடே நேராகத் திரைக்குப் போவதை முதன்முறையாகப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. என்னைக் கேட்டால், அந்தப் படத்தின் லண்டன் தெருக்களுக்கு அந்தக் கோடு மிகவும் பொருந்துகிறது. அதே கோடு ஒரு தேவதைக் கதைக்குப் பொருந்தியிருக்காது.

மஞ்சள் வெளிச்சம்

இன்று நம் ஊர்ப் படப்பிடிப்பிலும் 'கிரீன் மேட்' என்றால் லைட் பாய் வரை தெரியும். நடிகருக்குப் பின்னால் பச்சைத் திரை, பிறகு கணினியில் பச்சையை எடுத்துவிட்டு வேறு காட்சி. 1950-களில் கணினி இல்லை, நீலத் திரைதான். பிலிமை வெவ்வேறு வடிகட்டிகள் வழியாகத் திரும்பத் திரும்பப் பிரதி எடுத்து, நடிகரின் நிழலுரு மட்டும் கறுப்பாக உள்ள ஒரு பிலிமை உண்டாக்குவார்கள். அதற்குத்தான் மேட் என்று பெயர். ஒவ்வொரு பிரதியிலும் விளிம்பு கொஞ்சம் தடிக்கும். முடிவில் நடிகரைச் சுற்றி நீல ஓரம் தெரியும். முடி போய்விடும், புகை போய்விடும், வலைத்துணி போய்விடும். நீலச் சட்டை போடவே கூடாது.

பெட்ரோ விளாஹோஸ் என்ற பொறியாளர் உருவாக்கி, டிஸ்னியில் அப் செம்மைப்படுத்திய சோடியம் முறை இதை வேறு வழியில் அணுகியது. சோடியம் விளக்கு தெருவிளக்கில் நாம் பார்த்த அதே மஞ்சள். அந்த மஞ்சள் 589 நானோமீட்டர் என்ற மிகக் குறுகிய இடத்தில் மட்டும் இருக்கும் வெளிச்சம். பின்திரையை இந்த விளக்கால் நிரப்பி, நடிகர்களைச் சாதாரண விளக்கில் முன்னால் நிறுத்துவார்கள். கேமராவுக்குள் ஒரு பிரிசம், அது உள்ளே வரும் ஒளியை இரண்டாகப் பிரிக்கும். ஒரு கிளையில் அந்தக் குறுகிய மஞ்சள் மட்டும் வடிகட்டி நீக்கப்பட்டு, மற்ற எல்லா நிறமும் வண்ண பிலிமில் பதியும். இன்னொரு கிளையில் அந்த மஞ்சள் மட்டும் கறுப்பு-வெள்ளை பிலிமில் பதியும். ஆக, நடிகரின் வண்ணப் படமும் அவருக்கான மேட்டும் ஒரே நொடியில், ஒரே லென்ஸ் வழியாகக் கிடைத்துவிடுகின்றன. திரும்பத் திரும்பப் பிரதி எடுக்கும் வேலையில்லை. மஞ்சள் உடையும் போடலாம், ஏனென்றால் துணியின் மஞ்சள் அலைவரிசையில் அகலமானது, அதில் ஒரு கீற்று போனால் கண்ணுக்குத் தெரியாது.

இரண்டு பிலிமை ஒரே கேமராவில் பிசகாமல் ஓட்ட வேண்டுமே? அதற்குப் பழைய மூன்று பிலிம் டெக்னிகலர் கேமரா கைகொடுத்தது. ஒரே பிலிமில் எல்லா நிறமும் பதியும் காலம் வந்து அந்தக் கேமராக்கள் சும்மா கிடந்தன. உள்ளே ஏற்கெனவே பிரிசத்துக்கு இடம், ஒன்றுக்கு மேற்பட்ட பிலிமுக்கு வழி, எல்லாம் இருந்தது.

இதிலும் தொல்லைகள் உண்டு. திரையின் மஞ்சள் நடிகரின் தோளிலோ கன்னத்திலோ சிதறினால் மேட்டில் அந்த இடம் ஓட்டையாகிவிடும், பின்னணி அவர் உடம்பின் ஊடே தெரியும். ஆகவே திரையிலிருந்து நடிகர்கள் நன்றாகத் தள்ளி நிற்க வேண்டும், அதற்குப் பெரிய அரங்கு வேண்டும். சோடியம் விளக்கு போட்டதும் எரியாது, சில நிமிடம் சூடேற வேண்டும். கேமராவோ பெருத்த கனம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பிரிசம். அப்படிக் கூர்மையாகப் பிரிக்கும் பிரிசங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன. அதனால் மற்ற ஸ்டுடியோக்கள் நீலத் திரையோடே இருந்துவிட்டன.

பறவைகள் மனிதர்களைத் தாக்கும் 'தி பேர்ட்ஸ்' (1963) படத்தை எடுத்த இயக்குநர் ஹிட்ச்காக் இதற்காகவே டிஸ்னியின் கதவைத் தட்டினார். வேகமாக அடிக்கும் சிறகு பிலிமில் மங்கலாகப் பதியும், நீலத் திரையில் அந்த மங்கலைச் சுற்றி நீலம் ஒட்டிக்கொள்ளும். சோடியத்தில் அது வராது. அந்தப் படத்தின் தந்திரக் காட்சிகளுக்காக அப்பின் பெயர் ஆஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 1964-ன் 'மேரி பாப்பின்ஸ்' படத்தில் கார்ட்டூன் பென்குவின்களோடு நடிகர் டிக் வான் டைக் ஆடும் காட்சியும் இதில் எடுத்ததுதான். அவர் வெறும் மஞ்சள் திரைக்கு முன்னால் காற்றோடு ஆடினார். எடுத்த பிலிமைப் பிரேம் பிரேமாகப் பெரிய தாள்களில் அச்சிட்டு, அவர் கால் படும் இடம் பார்த்து ஓவியர்கள் பென்குவின்களை வரைந்தார்கள். மேரி பாப்பின்ஸின் தொப்பியில் மெல்லிய வலைத்துணி இருக்கும். காட்சியை நிறுத்தி அந்த வலையைப் பாருங்கள், பின்னால் இருக்கும் வண்ணத் தோட்டம் அதன் வழியாகத் தெரியும். 1964-ல் வேறெந்த முறையிலும் அது நடந்திருக்காது.

இந்த வேலைக்காக விளாஹோஸ், வாட்ஸ்வொர்த் போல், அப் மூவருக்கும் 1965-ல் ஆஸ்கார் கிடைத்தது. காட்சிகளை ஒன்றாக இணைக்கும் ஆப்டிகல் பிரிண்டரை மேம்படுத்தியதற்காக அப் அதற்கு ஐந்து வருடம் முன்பே ஒன்று வாங்கியிருந்தார்.

1971 ஜூலை 7-ல் அப் காலமானார். புளோரிடாவில் புதிய பூங்கா திறக்க மூன்று மாதம்கூட இல்லை, அங்கே அமெரிக்க ஜனாதிபதிகளைப் பற்றிய அரங்குக்கான 70 மிமீ திரையிடலில் அவர் அப்போது ஈடுபட்டிருந்தார். அவர் மகன் டான் ஐவர்க்ஸும் டிஸ்னியில் கேமரா, புரொஜக்டர் பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். 1986-ல் வெளியே வந்து, பெருந்திரை அரங்குகள் அமைக்கும் நிறுவனத்தைத் தந்தையின் குடும்பப் பெயரிலேயே தொடங்கினார்.

சோடியம் முறை கணினி வந்ததும் வழக்கொழிந்தது. 2024-ல் பால் டெபெவெக் என்ற ஒளியியல் நிபுணரும் காரிடார் என்ற அமெரிக்கக் காட்சித் தந்திரக் குழுவினரும் அதைத் திரும்பக் கட்டிப் பார்த்தார்கள். இரண்டு டிஜிட்டல் கேமராக்களை எடுத்துக்கொண்டு, நடுவில் ஒளியைப் பிரிக்கும் கண்ணாடியை வைத்து, ஒன்றில் சோடியம் மஞ்சளை மட்டும் விடும் வடிகட்டியும் மற்றொன்றில் அதை மட்டும் தடுக்கும் வடிகட்டியும் போட்டார்கள். பச்சைத் திரையில் ஆட்கள் உட்கார்ந்து பிரேம் பிரேமாகச் சரிசெய்ய வேண்டிய தலைமுடியும் முகத்திரைத் துணியும் கையே வைக்காமல் சுத்தமாகப் பிரிந்து வந்தன.